பேரேட்டில் எழுதப்பட்ட சமயம்

மேலாண்மை ஆய்வில் சமயத்துக்கு இன்று தனி இடம் கிடைத்திருக்கிறது. 2004 முதல் இதற்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்விதழ் வெளிவருகிறது. நம் இதழுக்கு வரும் கட்டுரைகளிலும் சமயம் தலைகாட்டுகிறது. ஆனால் அவற்றில் பல, வாரத்துக்கு எத்தனை முறை கோயிலுக்குப் போகிறீர்கள், தொழிலில் நேர்மை எவ்வளவு முக்கியம் என்று ஒரு வினாப்படிவத்தில் கேட்டு, இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டு முடிந்துவிடுகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வணிக வரலாறு இந்த முறை போதாது என்று காட்டுகிறது. ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற ஊர்களிலிருந்து பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) தொழிலில், சமயம் கணக்கிலேயே இருந்தது. வரவில் ஒரு பங்கு, கோயிலுக்கும் அறப்பணிக்குமான மகமையாகப் பேரேட்டில் ஏறியது. கோயில் பணம் வட்டிக்குக் கடைகளில் புழங்கியது. ரங்கூனில் நடப்பு வட்டியை மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். சிங்கப்பூரில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும் தொழில் செய்யப் போனவர்கள் கட்டியதுதான். வழிபடும் இடமே தொழில் முடிவுகளை எடுக்கும் இடமாகவும் இருந்தது.

மாக்ஸ் வேபர் 1904-05இல் புராட்டஸ்டண்டு அறநெறியையும் முதலாளித்துவத்தையும் இணைத்து எழுதினார். இந்தியச் சமயங்களிலிருந்து அத்தகைய முதலாளித்துவம் தானாக முளைக்காது என்று பின்னர் முடிவுகட்டினார். சென்னைத் தொழிலதிபர்களை ஆராய்ந்த மில்டன் சிங்கரின் 1972ஆம் ஆண்டு நூலும், நகரத்தாரைப் பற்றி டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலும் அந்த முடிவைக் கேள்விக்கு உள்ளாக்கின. இவர்கள் மானுடவியலாளர்கள். மகமை, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), அடத்தி (தாய் வங்கியாளர்), மேலாள் (கடை முகவர்), அடுத்தாள் (அவருடைய உதவியாளர்) என்று மேலாண்மைத் துறைக்கே உரிய செய்திகள் இவ்வளவு இருந்தும், நம் துறை இவற்றின் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

திரும்பும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, காரணத்தைப் பற்றியது. நகரத்தாரின் ஒன்பது நகரக்கோயில்கள் வழிபடும் இடங்கள் மட்டுமல்ல. யார் பங்காளி, யாரோடு மண உறவு கொள்ளலாம் என்பதையும் அவையே வரையறுக்கின்றன. அப்படியிருக்க, கடையில் நிலவிய நம்பகத்தைப் பக்தி தந்ததா, உறவு தந்ததா, சாதிக் கட்டுப்பாடு தந்ததா? மூன்றும் பின்னிக்கிடக்கும் இடத்தில் சமயத்தை மட்டும் தனி மாறியாகப் பிரித்து எடுக்கும் கட்டுரை தவறான விடையையே தரும்.

இரண்டாவது, பெருமிதத்தைப் பற்றியது. மகமை பல கோயில்களுக்குத் திருப்பணி செய்தது உண்மை. 1930களின் பெருமந்தத்தில், கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், செட்டியார்கள் வசமிருந்த விளைநிலம் சுமார் 6 விழுக்காட்டிலிருந்து 1938இல் 25 விழுக்காடாக ஏறியதும் உண்மை. கடன் கட்ட முடியாத உழவரின் நிலம் அது. கோயிலில் கூடி வட்டியை வகுத்தவர்களின் அறம், கூட்டத்துக்கு வெளியே இருந்தவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதும் நம் ஆய்வுக் கேள்வியே.

மாவட்டத்தின் வணிகம் ஒரு சமூகத்தோடு நிற்பதும் இல்லை. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. கோட்டைப்பட்டினம் கடற்கரையின் முஸ்லிம் வணிகர்கள், வட்டியை விலக்கும் மார்க்கத்துக்குள் நின்று முதல் திரட்டுவது எப்படி என்பதும் விரிவான ஆய்வுக்கு உரியது.

ஆய்வாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. வினாப்படிவத்தோடு நிற்காதீர்கள். கணக்கேடுகளையும் உண்டியல் சீட்டுகளையும் (பணமாற்றுச் சீட்டுகளையும்) கல்வெட்டுகளையும் படியுங்கள். தமிழ் எண்களை வாசிக்கப் பழகுங்கள். பழைய பேரேடுகள் வீட்டில் உள்ளவர்கள் அவற்றை எடைக்குப் போடாமல் ஆய்வுக்குத் தாருங்கள். புகழ்வதற்காகவோ இகழ்வதற்காகவோ எழுதப்படாத, சான்றோடு வரும் கட்டுரைகளுக்கு இந்த இதழில் என்றும் இடமுண்டு.