சின்னமும் சான்றும்

வரைகலை பயிலும் மாணவரிடம், ஒரு நிறுவனத்திற்கோ பொருளுக்கோ சின்னம் அமைத்துத் தருமாறு கேட்பது இக்காலக் கல்விக்கூடங்களில் வழக்கமாகிவிட்டது. மாணவர் வரைகின்றார், வண்ணம் தீட்டுகின்றார், ஆசிரியர் கோடுகளின் அழகை நோக்கி மதிப்பெண் வழங்குகின்றார். பயிற்சி அத்துடன் முடிந்துவிடுகின்றது. அங்ஙனம் முடிதல் ஆகாது என்பது என் கருத்து. மாணவர் ஒருவர் வரைந்து, உலகெங்கும் பரவிய ஒரு சின்னத்தின் வரலாற்றைக் கேளுங்கள்.

ஒன்றையொன்று தொடரும் மூன்று அம்புகள் முக்கோணமாக வளைந்து நிற்பதை அட்டைப்பெட்டிகளின் மேல் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே மறுசுழற்சிச் சின்னம். 1970-ஆம் ஆண்டில், நிலமும் நீரும் மாசுறுவது பற்றிய கவலை அமெரிக்க நாட்டில் பெருகியிருந்தது. அவ்வேளையில் கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்னும் அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. பழைய தாள் மீண்டும் தாளாவதை ஒரு சின்னத்தால் உணர்த்தவேண்டும். 500-க்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. வென்றவர், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற கேரி ஆண்டர்சன். அப்பொழுது அவருக்கு வயது 23.

அவர் கையாண்ட வடிவத்தை நீங்களே செய்து பார்க்கலாம். நீண்ட தாள் நாடா ஒன்றை எடுத்து, ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி, மறுமுனையுடன் ஒட்டுங்கள். அதன்மேல் ஊரும் எறும்பு, விளிம்பை எங்கும் கடவாமலே தாளின் இருபுறத்தையும் சுற்றிப் புறப்பட்ட இடத்தையே வந்தடையும். கணித நூலார் இதனை மோபியஸ் நாடா என்பர். முடிவில்லாச் சுழற்சியைக் காட்ட இதனினும் தக்க வடிவம் கிடைத்தல் அரிது. எழுத்தறியாதவரும் அதன் பொருளை உணர்ந்துகொள்வர். பல ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாம் நகரில், குப்பை சேர்க்கும் பெருந்தொட்டி ஒன்றின்மேல் தம் சின்னத்தைக் கண்டு ஆண்டர்சனே திகைத்தாராம்.

அச்சின்னம் எவருக்கும் தனியுரிமையின்றிப் பொதுவாயிற்று. அதனால்தான் அது பரவியது. அதற்குக் கேடு வந்ததும் அதனால்தான். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலாளர் அன்று, பிளாஸ்டிக் தொழில் நடத்துவோரின் சங்கம், பிளாஸ்டிக் வகைகளைக் குறிக்க 1 முதல் 7 வரை எண்களை வகுத்து, ஒவ்வொன்றையும் அம்பு முக்கோணத்தின் நடுவே இட்டது. எண் உணர்த்தியது பொருளின் வகையை மட்டுமே. மக்களோ, அம்பைக் கண்டவுடன் அப்பொருள் மீண்டும் பயன்படும் என்று நம்பினர். நல்லெண்ணத்துடன் அவர்கள் பிரித்து வைத்தவற்றுள் பல, குப்பைமேட்டில் புதைந்தன. 2013-இல் அம்புகளை விடுத்து வெறும் முக்கோணம் இடுமாறு தரவிதி திருத்தப்பட்டது. மறுசுழற்சிக்கு உதவாப் பொருள்களின்மேல் அம்புகளை இடுவதைத் தடுக்கக் கலிபோர்னியா மாநிலம் 2021-இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்தில், சோழரின் புலிப்பொறி இட்ட பின்னரே சுங்க அலுவலர் பண்டங்களை விடுத்தனர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொறிக்குப் பின்னே அதற்குப் பொறுப்பான ஒருவர் நின்றார். மூன்று அம்புகளுக்குப் பின்னே எவரும் நிற்கவில்லை.

இதற்காக 23 வயது மாணவரைக் குறை கூறுதல் முறையன்று. அழகிய சின்னம் கேட்டார்கள். அதனை அவர் குறைவறக் கொடுத்தார். அதை யார் இடலாம், எதன்மேல் இடலாகாது என்று போட்டி வைத்தவர்கள் கேட்டிருக்கவேண்டும். அது வணிகரும் அரசும் பார்த்துக்கொள்ள வேண்டியதன்றோ எனச் சிலர் வினவுவர். அவர்கள் பார்த்துக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதே என் விடை. ஆகவே, இனிச் சின்னம் வரையும் மாணவர் படத்துடன் ஒரு தாளும் எழுதித் தரட்டும். இச்சின்னம் என்ன உறுதி கூறுகின்றது, அவ்வுறுதி பொய்த்தால் அதனை நீக்குபவர் யார் என்பன அத்தாளில் இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்கலாம்.