கொடிக்குப் பின்னால் ஓடாதீர்கள்

அன்பு மாணவர்களே, உறவுகளே,

"இந்த வயசுல வழிகாட்டி இல்லாம இத்தாலியில நடக்கப் போறீங்களா?" குடும்பக் குழுவில் கேட்டீர்கள். போய்வந்துவிட்டேன், இதோ பதில்.

முன்பு பேருந்துச் சுற்றுலாவில் ஐரோப்பா போனேன். கொடி பிடித்தவர் பின்னால் ஓட்டம், இருபது நிமிடம் படம். பாதி ஊர்களின் பெயர் இன்று நினைவில்லை. அது பயணமல்ல, வருகைப் பதிவேடு.

இம்முறை டஸ்கனியில் சான் ஜிமிஞானோவிலிருந்து மோன்டெரிஜோனி வரை, சுமார் 30 கிலோமீட்டரை இரண்டு நாளில் நடந்தேன். பெட்டியை வண்டி அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். கையில் வரைபடம், வழியில் சிவப்பு வெள்ளைக் குறிகள். 990-இல் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமிலிருந்து திரும்பிய யாத்திரை வழி அது. ஊர்களைக் குன்றின்மேல் ஏன் கட்டினார்கள் என்பது மூச்சிரைக்க ஏறும்போது புரிந்தது: எதிரிக்கும் இப்படித்தானே இரைத்திருக்கும்! திராட்சைத் தோட்டங்களுக்கிடையே அரை மணி நேரம் வழி தவறினேன். அந்த இடம்தான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

முழங்கால் ஒத்துழைக்காதவருக்குப் பேருந்து வேண்டும், மறுக்கவில்லை. நடக்க முடிந்தவரையும் பயமுறுத்தி அதில் ஏற்றுவதுதான் தவறு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மத்தியகால இத்தாலியை உங்களுக்குக் குறிப்பு சொல்லி எழுதவைத்தே முடித்தேன். நானும் கொடி பிடித்து ஓட்டியவன்தான். வழி தவற உங்களை விடவில்லை. மன்னியுங்கள்.

நீங்களாவது பெற்றோர் கையிலும் பிள்ளைகள் கையிலும் வரைபடத்தைக் கொடுங்கள். தவறட்டும்; வந்து சேர்வார்கள்.

உங்கள் வரலாற்று ஆசிரியர்