கோட்டை எனும் மயக்கு

ஆசுத்திரேலியாவின் மெல்பர்ன் நகர்க்குக் கிழக்கே, புறநகர்ப் பகுதியில் அமைந்தது கூயோங் நாடாளுமன்றத் தொகுதி. 1901 முதல் தொழிற்கட்சி அதனை ஒருமுறையும் வென்றதில்லை. தலைமையமைச்சராய் இருந்த இராபர்ட்டு மென்சீசு 1934 தொடங்கி 32 ஆண்டுகள் அதன் உறுப்பினர். அவர் தோற்றுவித்த தாராண்மைக் கட்சிக்கு 2022 வரை அது அசையாக் கோட்டை.

கோட்டை எனப் பெயர்பெற்ற தொகுதியின் மக்கட்கு நேரும் இழுக்கு யாது? வேட்பாளரைக் கட்சியினர் சிலர் தேர்வர், மக்கள் முத்திரையிடுவர். வெற்றி உறுதியாகலின் ஒரு கட்சி அவர்க்கு அஞ்சுவதில்லை; தோல்வி உறுதியாகலின் மறுகட்சி அவரை நாடுவதில்லை. இருசாராரும் அவரை எண்ணிப்பாராமற் கழிப்பர்.

2019இல் கருவூல அமைச்சர் சோசு பிரைடன்பெர்க்கு வென்றார். எனினும் அவர் பெற்ற முதல் விருப்ப வாக்குகள் பாதிக்குச் சற்றே குறைந்தன. அதுவே மதிலின் விரிசல். 2022இல் கட்சி சாராத மருத்துவர் மோனிக்கு இரயன் முதல் விருப்ப வாக்குகளிற் பின்தங்கினார். ஆயினும் பிறர்க்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பங்களால் அமைச்சரை வீழ்த்தினார். 2025இலும் அவரே வென்றார்.

கோட்டையைக் கட்டியது கட்சியன்று, மக்களின் வழக்கமே. வழக்கத்தை விடுத்து எண்ணத் தொடங்குவராயின், எம்மதிலும் நில்லாது. வாக்கு வழிவழிச் சொத்தன்று. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஈட்டப்பெற வேண்டிய நம்பிக்கை.