பச்சை ஆட்டுக் கோவில்
என் தம்பிக்கு சீனாவிலே செங்டு நகரத்தில் வேலை. போயிருந்தபோது சிங்யாங் கோவிலுக்கு அழைத்துப் போனான். தாவோ மதத்தாரின் புராதனக் கோவில்; பெயருக்கு அர்த்தம் ‘பச்சை ஆடு’.

சன்னிதி முன்னால் இரண்டு வெண்கல ஆடுகள். ஒன்று 1829ல் வார்த்தது. 1723ல் பீஜிங்கிலிருந்து வந்த மற்றதுதான் வேடிக்கை! ஒற்றைக் கொம்பு, எலிக் காது, பாம்பு வால். சீனர்களின் பன்னிரண்டு வருஷத்து மிருகங்களும் அதற்குள் அடக்கமாம். நமக்கு எங்கே நோவோ, ஆட்டின் அந்த இடத்தைத் தடவினால் தீரும் என்று நம்பிக்கை. தடவித் தடவியே பளபளக்கிறது. நான் முழங்காலைத் தொட்டேன். (வேறெதைக் கேட்பேனாம்!)

பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இடுப்புக் குழந்தையின் கையை அந்த எலிக் காதில் வைத்து அழுத்தினாள். குழந்தையின் காதில் மெஷின். அது நழுவவும், பொறுமையாகச் சரிபண்ணி மாட்டிவிட்டு, மறுபடி தடவ வைத்தாள். இரண்டையும் விடாத அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, சகோதரிகளே.