கதவைத் தட்டாமல் வீட்டை விற்பதா?

அண்டைவீட்டார் சரியில்லை என்பது வீட்டை விற்பதற்குப் போதிய காரணமாகுமா? சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவ்வினா ஒருமுறையேனும் எழாத குடும்பம் அரிது. நள்ளிரவில் மேல்வீட்டில் நாற்காலி இழுபடுகிறது. பக்கத்து வீட்டுச் சிகரெட்டுப் புகை சன்னல்வழி நுழைகிறது. பொது நடைவழியில் காலணி அடுக்குகளும் மிதிவண்டிகளும் பெருகுகின்றன. மேல்மாடியில் நீட்டிய மூங்கில் கழியிலிருந்து ஈரத்துணி சொட்ட, கீழ்மாடியில் காய்ந்த துணி மீண்டும் நனைகிறது. முதல் மாதம் பொறுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதம் முணுமுணுக்கிறார்கள். ஆறாம் மாதம் உறவினர் கூடிய ஒரு மாலையில், 'இந்த வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போய்விடலாம்' என்னும் பேச்சு எழுகிறது. கூடியிருப்போர் அனைவரும் தலையசைக்கின்றனர். மேல்வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளிருப்பவரிடம் இதைச் சொன்னதுண்டா என்று கேட்பவர் மட்டும் அவ்வறையில் ஒருவரும் இலர்.

அக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அதைக் கேளாமல் எடுக்கும் முடிவு, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதையாகவே முடியும்.

'அந்தக் காலத்துக் கம்பத்தில் இப்படியா இருந்தது? கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கினோமே!' என்று பெருமூச்செறியும் முதியோர் உண்டு. அவர்தம் ஏக்கத்தை எள்ளுதல் தகாது. ஆயினும் அக்காலத்தில் பூசலே இல்லை என்பதை ஏற்பதற்கில்லை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பிலும், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பிலும், இரயில்வே தொழிலாளர் வரிசை வீடுகளிலும் தமிழர் நெருங்கி வாழ்ந்தனர். பொதுக் குழாயடியில் குடம் வைத்த முறைக்காக எழாத சண்டையா? கோழி வேலி தாண்டியதற்காக எழாத வசையா? அன்றும் பூசல் இருந்தது. ஆனால் அன்று திட்டியவர் முகத்தை மறுநாள் காலை அதே குழாயடியில் பார்த்தே ஆகவேண்டும். அந்தக் கட்டாயமே பல பகைகளை ஒரு வாரத்திற்குமேல் வாழவிடவில்லை.

1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பணி தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ பல்லாயிரவர் வீடுகளை விழுங்க, அடுக்குமாடி வீடுகள் விரைந்தெழுந்தன. இன்று இந்நாட்டில் வாழும் 100 குடும்பங்களில் 75க்கும் மேற்பட்டவை கழக வீடுகளிலேயே வாழ்கின்றன. குழாய் வீட்டிற்குள் வந்தது, குழாயடி மறைந்தது. மின்தூக்கியில் ஏறி, கதவைத் திறந்து, இரும்புக் கம்பிக் கதவையும் பூட்டிக்கொண்டால் பத்தாண்டுக் காலம் பக்கத்து வீட்டார் பெயரறியாமலே வாழலாம். சுவர் மட்டும் பொதுவாக இருக்கிறது. பேச்சு பொதுவாக இல்லை. பூசலின் வேர் இங்கேதான் உள்ளது.

'அமைதியே பெரிது, பணம் போனால் போகட்டும், வீட்டை மாற்றிவிடுவதே நல்லது' என்பார் கூற்றை முதலில் ஆராய்வோர், அவ்வமைதியின் விலையைக் கணக்கிட வேண்டும். 5,00,000 வெள்ளிக்கு ஒரு மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் முத்திரை வரியாக மட்டும் 9,600 வெள்ளி செலுத்துகிறார். முகவர் கட்டணம், வழக்குரைஞர் கட்டணம், புதுப்பிப்புச் செலவு, சாமான் ஏற்றிச் செல்லும் கூலி ஆகியன வேறு. பழைய வீட்டிற்காக மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த தொகையை, அதற்குரிய வட்டியோடு, விற்ற பணத்திலிருந்து சேமநிதிக் கணக்கிற்கே திருப்பிச் செலுத்த வேண்டும். ஆதலின் விற்ற விலையைக் கேட்டு மகிழ்ந்தவர் கைக்கு வந்த பணத்தைக் கண்டு திகைப்பதுண்டு. கழகத்திடமிருந்து நேரே வாங்கிய புதுவீடாயின் 5 ஆண்டுகள் குடியிருந்த பின்னரே விற்கலாம். 2024 அக்டோபர் முதல் விற்பனைக்கு வந்த பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அக்காலம் 10 ஆண்டுகள்.

தமிழ்க் குடும்பத்திற்கு மற்றொரு முடிச்சும் உண்டு. 1989 மார்ச் முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உள்ளது. சீனர்க்கு அது 87; மலாய்க்காரர்க்கு 25; இந்தியர்க்கும் ஏனையோர்க்கும் சேர்த்து 15. ஒரு புளோக்கில் சீனர்க்குரிய வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் தொகை சுருங்குகிறது, விலையும் தளர்கிறது. இன்னல் மிகுந்தோரின் வீட்டைக் கழகமே, சில நிபந்தனைகளோடு, வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. எனினும் முடிச்சு முற்றிலும் அவிழ்ந்துவிடவில்லை. எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்னும் அக்கொள்கையின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் 'விற்றுவிட்டுப் போ' என்று எளிதாகக் கூறுவோர் அவ்விற்பனை யாருக்கு எளிது, யாருக்கு அரிது என்பதையும் எண்ணிக் கூற வேண்டும்.

பணக் கணக்கில் அடங்காத இழப்பும் உண்டு. கீழ்த்தளத்துக் கல்லிருக்கையில் மாலைதோறும் தோழியருடன் அமர்ந்து பேசும் பாட்டிக்குப் புதிய பேட்டையில் யார் துணை? நடந்தே பள்ளி செல்லும் பிள்ளை இரண்டு பேருந்து மாறிச் செல்வதா, அன்றிப் பள்ளியையே மாற்றுவதா? மேல்வீட்டு நாற்காலி ஓசைக்காக ஒரு மூதாட்டியின் நட்பையும் ஒரு சிறுவனின் பள்ளியையும் விலையாகக் கொடுப்பது எவ்வகைக் கணக்கு?

இத்தனையும் கொடுத்து வாங்கும் புதிய வீட்டிலாவது அமைதி உறுதியா? வீடு பார்க்கச் செல்வோர் அரைமணி நேரம் நிற்கின்றனர். தரையைத் தட்டிப் பார்க்கின்றனர். குழாயைத் திறந்து பார்க்கின்றனர். வாசல் கிழக்கா மேற்கா என்றும் பார்க்கின்றனர். மேல்வீட்டார் இரவு 11 மணிக்கு என்ன செய்வார் என்பதைப் பார்க்க வழியில்லை. அண்டைவீட்டார் இல்லாத அடுக்குமாடி வீடு இன்னும் கட்டப்படவில்லை. பேசத் தெரியாமல் ஒரு வீட்டை விட்டவர், அந்தப் பேசாமையையும் சாமான்களோடு மூட்டை கட்டி அடுத்த வீட்டிற்கு எடுத்துச் செல்கிறார்.

'அவர்கள் இனமே அப்படித்தான்' என்று கூறுவோர் மற்றொரு சாரார். இக்கூற்று பூசலைவிடக் கொடியது. தமிழில் 'அயல்' என்னும் சொல் பக்கத்தையும் குறிக்கும், புறம்பானதையும் குறிக்கும். அயலார் என்பவர் அருகிலிருப்பவரும் ஆவார், அந்நியரும் ஆவார். ஒரே சொல்லில் உறங்கும் இவ்விரு பொருள்களுள் எதைத் தட்டி எழுப்புவது என்பது ஒவ்வொரு வீட்டாரின் கையிலும் உள்ளது. நாற்காலியை இழுப்பவர் ஓர் ஆள். அவர் பின்னால் ஓர் இனத்தை நிறுத்துவது அறியாமை. ஏழாம் மாதத்தில் தாள் எரிக்கும் புகையைப் பழிப்பவர், தம் வீட்டுச் சாம்பிராணிப் புகை எவர் வீட்டிற்குள் போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கு 2011 ஆகஸ்டில் நாட்டையே கலக்கிய கறிச் செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தார்க்குப் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி மணம் ஒவ்வவில்லை. இந்தியக் குடும்பத்தார் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு சமைத்தும் முறையீடு ஓயவில்லை. சமரசப் பேச்சு நடந்தது. சீனக் குடும்பத்தார் வீட்டில் இல்லாத வேளையில் கறி சமைப்பதென்றும், அவர்களும் அக்கறியை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதென்றும் உடன்பாடாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்ட இப்பூசல் நாளேட்டில் வந்ததும் நாடு கொதித்தது. ஆகஸ்டு 21ஆம் நாள், வீடுதோறும் கறி சமைப்போம் என்று அறைகூவி, பல இனத்தாரும் சமைத்தனர். உடன்பாட்டை நடுவர் திணிக்கவில்லை, இரு குடும்பத்தாருமே வகுத்துக்கொண்டனர் என்று சட்ட அமைச்சு விளக்கியது.

கொதித்தோர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் வீட்டுச் சமையலுக்கு மற்றவர் நேரம் குறிப்பதா என்னும் சினம் இயல்பானது. ஒவ்வொரு முறையும் சிறுபான்மையினரே சன்னலை அடைக்க வேண்டுமோ என்னும் ஐயமும் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் அவ்வாரவாரத்தில் ஓர் உண்மை அமுங்கிப் போயிற்று. அவ்விரு குடும்பத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். கறி சமைத்தவர் தம் சமையலை விட்டுவிடவில்லை. மணம் ஒவ்வாதவர் அதைச் சுவைத்துப் பார்க்க இசைந்தார். நாடு வெற்றியை விரும்பியது; அவ்விரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் முகம் கொடுத்து வாழ விரும்பினர். அச்சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர் அவர்களே.

'பேசப் போனால் பகைதான் வளரும்' என்பது கடைசித் தடை. பேசும் முறை தெரியாதவர்க்கு அது உண்மையே. நள்ளிரவில் தூக்கம் கலைந்த சினத்தோடு கதவை இடிப்பது பேச்சாகாது. துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துவதும் பேச்சாகாது. கதவில் ஒட்டும் பெயரில்லாக் கடிதம் கோழைத்தனம். விடுமுறை நாளின் காலையில், குறை எதுவும் நிகழாத வேளையில் சென்று, பெயரைச் சொல்லி, வீட்டெண்ணைச் சொல்லி, 'இரவில் ஓசை கேட்கிறது. தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை' என்று தொடங்குவதே பேச்சு. உண்மையிலேயே அவர்க்குத் தெரியாமல் இருக்கக்கூடும். கான்கிரீட்டுச் சட்டகத்தின் வழியே ஓசை பக்கவாட்டிலும் மேலும் கீழும் பரவும். நேர்மேலே கேட்பது போன்ற ஓசை வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கலாம். கோலிக்குண்டு உருள்வதாகப் பல வீட்டார் கூறும் அந்தப் புகழ்பெற்ற இரவோசை, குழாய்களில் நீர் திடீரென நிற்கும் அதிர்வாகவும் இருக்கலாம். குழந்தையே இல்லாத முதிய தம்பதியர் மீது கோலி விளையாடிய குற்றத்தைச் சுமத்தி, வீட்டையும் விற்றுவிட்டுச் செல்வது எவ்வளவு நகைப்புக்குரியது!

எல்லாப் பூசலும் அறியாமையால் எழுவதன்று. வேண்டுமென்றே சுவரை இடிப்போரும், வாசலில் குப்பையைக் கொட்டுவோரும், வசைமொழியால் குழந்தைகளை நடுங்க வைப்போரும் உள்ளனர். அத்தகையோரிடம் பொறுமை காட்டு என்று அறிவுரை கூறுவது கொடுமைக்குத் துணைபோவதாகும். அவர்கட்காகவே சட்டம் உள்ளது. 1998 முதல் சமூக சமரச நிலையம் பயிற்சி பெற்ற நடுவர்களைக் கொண்டு சமரசம் செய்துவருகிறது. எதிர்த்தரப்பார் வர மறுத்தால் அங்கு வழியில்லாமல் நின்றோர் பலர். அக்குறை நோக்கியே 2015இல் சமூகப் பூசல் தீர்வுச் சட்டமும், அதன்படி நடுவர் மன்றமும் வந்தன. அம்மன்றம் தொல்லையை நிறுத்துமாறு ஆணையிடலாம்; 20,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்கச் செய்யலாம். 2024 நவம்பரில் அச்சட்டம் திருத்தப்பட்டது. சமரசத்திற்கு வருவதைக் கட்டாயமாக்கவும் அதில் இடம் வந்தது. கடுமையான ஓசைத் தொல்லைகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்ற அலுவலர் பிரிவு ஒன்று 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் சோதனை முறையில் பணி தொடங்கியது. தொல்லை நேர்ந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பவர்க்கே இவ்வழிகள் பயன்படும். இவற்றையெல்லாம் நாடிய பின்னும் துன்பம் தீரவில்லை எனின், வீட்டை மாற்றுவதில் இழுக்கில்லை. கொடுமையிலிருந்து குடும்பத்தைக் காப்பதற்காகச் செல்வது ஒன்று; ஒரு சொல் பேச நாணிச் செல்வது மற்றொன்று. உறவினர் கூட்டத்தில் இவ்விரண்டும் ஒரே பெயரால் வழங்குவதுதான் தவறு.

இப்பொருள் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் நெருங்கியது. அண்டைவீட்டாருடன் நல்லுறவு என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் இலர். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு போகிறது. சீனப் புத்தாண்டிற்கு ஆரஞ்சுப் பழம் வருகிறது. நோன்புப் பெருநாளுக்குக் கூவே வருகிறது. கட்டுரை முடிகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. அம்மாணவர் வீடு திரும்பியதும் கேட்பது என்ன? பக்கத்து வீட்டார்க்குப் புரியாது என்னும் துணிவில் பெற்றோர் தமிழில் பொழியும் வசை. பிறர் அறியாமல் திட்டுவதற்குரிய மொழியாகவும் தமிழ் அச்சிறுவர் காதில் விழுகிறது. தமிழுக்கு இதைவிடப் பெரிய இழிவு வேண்டுமோ? தட்டு நீட்டக் கற்பிக்கும் வகுப்பறை, குறையை நாகரிகமாக எடுத்துரைக்கவும் கற்பித்தல் வேண்டும். எல்லோரும் நல்லவராக இருக்கும் கட்டுரையைவிட, சொட்டும் துணியைப் பற்றி மேல்வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்னும் கட்டுரை மாணவர்க்குப் பெரிதும் பயன் தரும்.

புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார், ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகிறார். மனைவி மக்கள், ஏவலர், அரசன் ஆகியோரைச் சொல்லி, இறுதியாகத் தம் ஊரில் வாழும் சான்றோரைச் சொல்கிறார். இதைப் பாடம் நடத்துவோர், நல்ல அயலார் அமைந்தது புலவரின் பேறு என்று விளக்கி முடிப்பர். அவ்வூரார்க்குப் பிசிராந்தையாரும் ஓர் அயலாரே என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அடுக்குமாடியில் ஒரு வீட்டின் தரை மற்றொரு வீட்டின் கூரை. மேல்வீட்டாரால் தமக்கு நரைத்தது என்று முறையிடுவோர், தம்மால் கீழ்வீட்டில் எவர்க்கு நரைத்தது என்பதை, முகவரை அழைக்கும் முன், ஒருமுறை இறங்கிச் சென்று கேட்டு வருவாராக.