இருபது வரி நிரல்தானேன்னு விடாதீங்க

புரதப் படிகவியல் கட்டுரை எதை எடுத்தாலும் 'அட்டவணை 1'னு ஒண்ணு இருக்கும். தரவு எவ்வளவு நுணுக்கமா கிடைச்சது, எத்தனை சதவீதம் முழுமை, இரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்வளவு, எல்லாம் அதுலதான். (நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரன் பேரும் அதுல வரும். 1963-ல் அவர் குழு வெளியிட்ட வரைபடம் இன்னிக்கும் புரத மாதிரிகளுக்கு உரைகல்!)

இந்த எண்களை மென்பொருள் நீளமான லாக் ஃபைல்ல கொட்டிட்டுப் போயிடும். தேடி எடுக்க யாருக்குப் பொறுமை? ஆளாளுக்குப் பைத்தான்ல ஒரு குட்டி ஸ்கிரிப்ட். சீனியர் விட்டுட்டுப் போனதை ஜூனியர் அப்படியே ஓட்டுவார். கையால டைப் அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்தான். ஆனா அதைத் திறந்து பார்க்கிறவங்க யாரு?

எக்ஸ்டிஎஸ் மென்பொருளையே எடுத்துக்குங்க. அதோட 'கரெக்ட்' லாக்ல ஒரே மாதிரி அட்டவணை பல தடவை வரும். கடைசியா வர்றதைத்தான் எடுக்கணும். இன்னொண்ணு இதைவிட வில்லங்கம். 2012-ல் கார்ப்ளஸும் டீடரிக்ஸும் 'சிசி அரை'ங்கிற அளவை முன்வெச்சாங்க. அந்த அட்டவணையில பழைய ஆர் மதிப்பு ஒண்ணு போய், அதே இடத்துல இது வந்து உட்கார்ந்துச்சு. 'பதினோராவது நெடுவரிசையை எடு'ன்னு எழுதின பழைய ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்? புது எண்ணைப் பழைய பேர்ல கொடுக்கும். பல சமயம் எர்ரர்கூட வராது.

'இதுக்குப்போய் இவ்வளவு பயமா?'ன்னு கேப்பீங்க. 2006 டிசம்பர்ல ஜெஃப்ரி சாங் 'சயன்ஸ்' இதழ்ல வந்த மூணு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். வேற இதழ்கள்ல வந்த ரெண்டும் சேர்ந்து போச்சு. காரணம், ஆய்வகத்துலயே எழுதின ஒரு நிரல். ஜோடியா வர்ற எண்களை அது இடம் மாத்திப் போட, வித்தியாசத்தோட குறி தலைகீழ். கட்டின புரத அமைப்பும் தப்பு. முதல் கட்டுரை வந்தது 2001-ல்! அது அட்டவணை எடுக்கிற ஸ்கிரிப்ட் இல்லைதான். ஆனா வியாதி ஒண்ணுதான்: சத்தம் போடாம தப்பு பண்றது.

என் கட்சி இதுதான். இடத்தை எண்ணாம தலைப்பைப் படிச்சு எடுக்கச் சொல்லுங்க. தலைப்பு காணோம்னா ஸ்கிரிப்ட் கத்திட்டு நிக்கணும். கட்டுரையோட லாக்கையும் ஸ்கிரிப்டையும் சேர்த்தே கொடுங்க. பெரிய மென்பொருளை உலகம் பூரா ஆயிரம் கண்ணு பார்க்குது. உங்க இருபது வரியை உங்களைத் தவிர யாரும் பார்க்கலை சாமி :-)

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க.