ஜே.சி.பி. இறங்குமுன் மண்ணைப் பாருங்கள்

பல்லடம் வட்டாரத்தில் பூங்கா கட்டப்போகும் ஒரு ரிசர்வ் சைட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது, அங்கே பழந்தடயம் உண்டா என்று பார்க்கவும் ஒரு தொகை ஒதுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். "இங்கென்ன கீழடியா இருக்குது? அது தொல்லியல் துறை வேலைங்க. ஏதாச்சும் கிடைச்சா வேலையே நின்னுபோகும்" என்பார்கள். படித்தவர்களும் நம்பும் இந்தப் பேச்சு முழுக்கத் தவறு. நம் மண்ணுக்குச் செய்யும் கேடும்கூட.

கீழடியே 2013-14இல் வைகைக் கரையோரம் ஊர் ஊராக நடந்து 293 இடங்களைப் பட்டியலிட்ட பிறகுதான் நம் கண்ணில் பட்டது. அதுவரை அது வெறும் தென்னந்தோப்பு. நம் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், சூதுபவள மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கல்வட்டம் சூழ்ந்த ஈமக்குழிகள் என அங்கே கிடைத்தவை ஏராளம். பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற படியூர் காங்கேயத்துக்குப் பக்கம். கத்தாங்கண்ணியில் 1913இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கரூருக்குச் சென்ற வணிகர்கள் இந்தக் கொங்கு மண்ணைத்தான் மிதித்துப் போனார்கள். அந்த வழியில் இருக்கும் ஊர்களில் ஒன்றுமில்லை என்று, தேடாமலேயே தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை?

வெள்ளலூரை எண்ணினால் மனம் பதைக்கிறது. 1842இல் அங்கே எடுத்த ரோமானியக் காசுகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல். பிறகும் அங்கே புதையல் கிடைத்தது. இன்று அந்த ஊரைச் சொன்னால் கோவை மாநகராட்சிக் குப்பைக் கிடங்குதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

வேலை நின்றுவிடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? 2010இல் திருத்தப்பட்ட, தொல்சின்னங்களுக்கான மத்தியச் சட்டம் அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கிறது. ஆனால் அது மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக முறைப்படி அறிவித்த சின்னங்களுக்கு மட்டுமே பொருந்தும். நாலு பானை ஓடு கிடைத்தால் நிலம் பறிபோய்விடாது. கீழடியில் தனியார் நிலத்தில் தோண்டிய குழிகளைப் பதிவு செய்துவிட்டு மூடித்தான் கொடுத்தார்கள். மேலும், பூங்காவைப்போல் வளைந்துகொடுக்கும் கட்டுமானம் வேறில்லை. கல்வட்டம் இருந்தால் நடைபாதையைச் சற்றுத் தள்ளிப் போடலாம்; நீரூற்றை வேறு மூலையில் வைக்கலாம். அந்தக் கல்வட்டமே பிள்ளைகள் சுற்றிப் பார்க்கும் இடமாகிவிடும்.

அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாவது அட்டவணையைப் புரட்டுங்கள். நகராட்சிகளுக்குரிய பணிகளில் பூங்கா 12ஆவது. பண்பாட்டு, கல்வி மேம்பாடு 13ஆவது. அடுத்தடுத்த வரிகள். ஒன்றுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மற்றொன்று எங்கள் வேலையில்லை என்பது என்ன நியாயம்? ஜப்பானில் கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வுகளில் பெரும்பங்கை உள்ளூர் ஆட்சிகள்தான் நடத்துகின்றன. இங்கிலாந்தில் 1990 முதல், கட்டுகிறவரே இந்தச் செலவையும் ஏற்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

நான் கேட்பது அகழாய்வே அல்ல. போர் போடுமுன் காசு கொடுத்து நீரோட்டம் பார்க்காத தோட்டக்காரர் கொங்குநாட்டில் உண்டா? அதைப்போல, விவரம் தெரிந்த இரண்டு பேர் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, படத்தோடு ஓர் அறிக்கை தரவேண்டும். சுற்றுச்சுவருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. திருப்பூரின் வீரராசேந்திரன் தொல்லியல், வரலாற்று ஆய்வு மையத்தார் இந்த வட்டாரத்து நடுகற்களை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்துவருகிறார்கள். ஆர்வலர்கள் தேடி அலைகிறார்கள். வரிப்பணம் வாங்கும் நகராட்சி கைகட்டி நிற்பது முறையா?

கவுன்சிலர்களே, அடுத்த பூங்காத் தீர்மானம் மன்றத்துக்கு வரும்போது டெண்டருக்கு முன்னால் இந்தக் கள ஆய்வையும் ஓர் இனமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கவுன்சிலர்கள் கேட்காவிட்டால், வாக்களித்த மக்களே, நீங்கள் கேளுங்கள்.